தோழனுக்கு வழிவிடலாமா?
ஸ்டாக் கார் பந்தயத்தில் அணி உத்தியும் கிளப் விசுவாசமும்

நியூசிலாந்தில் ஸ்டாக் கார் பந்தயம் பார்க்கப் போனால் வண்டியின் எண்ணோடு சேர்த்து அதன் கடைசியில் இருக்கும் எழுத்தையும் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். ‘பி’ என்றால் பாமர்ஸ்டன் நார்த், ‘ஆர்’ என்றால் ரோட்டோருவா, ‘எஸ்’ என்றால் ஸ்ட்ராட்ஃபோர்ட். ஓட்டுநர் எந்த ஊர்க் களத்தைச் சேர்ந்தவர் என்று அந்த ஒற்றை எழுத்து சொல்லிவிடும். மண் தரையில் நீள்வட்டக் களம். முன்னும் பின்னும் கனத்த இரும்பு பம்பர் பூட்டிய வண்டிகள். இடிப்பது அங்கே குற்றம் கிடையாது. போட்டியாளரை இடித்துச் சுழலவிடலாம், சுவரோடு சேர்த்து நெருக்கலாம், புரட்டிப்போட்டால் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரிக்கும்.

இந்த விளையாட்டின் உச்சம், கோடையில் பாமர்ஸ்டன் நார்த்தில் நடக்கும் சூப்பர்ஸ்டாக் அணிப் போட்டி. பாந்தர்ஸ், ரெபல்ஸ், ஸ்க்ராப்பர்ஸ், ஹாக்ஐஸ் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பெயர், ஒரு நிறம். பக்கத்துக்கு நான்கு வண்டிகள் களமிறங்கும். வேலை முன்கூட்டியே பிரிக்கப்பட்டிருக்கும்: சிலர் ‘ரன்னர்’, வேகமாக ஓடி முன்னால் முடிக்க வேண்டியவர்கள், மற்றவர்கள் ‘பிளாக்கர்’, எதிரணியின் ரன்னரைத் தேடிப் பிடித்துத் தடுக்க வேண்டியவர்கள். பிளாக்கருக்குத் தன் வண்டி முழுதாக வீடு திரும்புமா என்ற கவலையே கூடாது. ரேடியேட்டர் பிளந்து, சக்கரம் மடங்கி, ஓர் ஓரமாக நின்றுபோனாலும், எதிரணியின் வேகமான ஆள் ஒருவரைத் தன்னோடு நிறுத்திவைத்திருந்தால் அவர் கடமையைச் செய்துவிட்டார். அந்த வண்டியைத்தான் அவர் தன் கைக்காசு போட்டு, குடும்பத்தாரும் நண்பர்களும் கூடமாட உதவ, குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கட்டியிருப்பார். ஊருக்காக ஒருவர் தன் வண்டியைக் கொடுப்பது எனக்குப் பெரிய காரியமாகவே படுகிறது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லாம் எழுத்திலும் நிறத்திலும் வெளிப்படையாக இருக்கிறது.

சிக்கல் தனிநபர் சாம்பியன்ஷிப்பில் தொடங்குகிறது. அங்கே ஒருவர்தான் வெல்ல முடியும். வென்றவர் தன் வண்டியில் ‘1என்இசட்’ என்று எழுதிக்கொண்டு வலம் வருவார். பல சுற்றுகளின் புள்ளிகளைக் கூட்டித்தான் வெற்றி முடிவாகிறது. முதல் சுற்றிலேயே வண்டி உடைந்து புள்ளியில் பின்தங்கிவிட்ட ஒருவருக்கு அடுத்த சுற்றில் என்ன வேலை? தன் கிளப் தோழர் பட்டத்துக்கு அருகில் இருந்தால், அவரோடு மோதும் வெளியூர்க்காரரை வழிமறிப்பதுதான் வேலை. இதை அங்கே யாரும் மறைப்பதில்லை. ஆனால் ஒரே ஊரிலிருந்து ஐந்தாறு பேர் இறுதிக்கு வந்திருக்க, தன் ஊரிலிருந்து தனியாளாக வந்தவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவர் எல்லோரையும்விட வேகமாக ஓட்டுபவராக இருக்கலாம். ஆனாலும் ஓர் ஊரையே எதிர்த்துத்தான் அவர் ஓட்ட வேண்டும்.

ஆக, கேள்வி இதுதான். தனி ஒருவருக்குப் பட்டம் தரும் போட்டியில் தோழனுக்கு உதவுவது எதுவரை செல்லும்? எந்த இடத்தில் அது பந்தயத்தைக் கெடுக்கிறது?

இதே குடும்பத்து விளையாட்டு பிரிட்டனிலும் உண்டு. லண்டன் நியூ கிராஸ் மைதானத்தில் 1954-இல் தொடங்கியது அது. அங்கே இன்றும் பம்பர் உண்டு, இடியும் உண்டு. திறமைக்கேற்ப வண்டிக் கூரைக்கு வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று வண்ணம். உலக சாம்பியனுக்குத் தங்க நிறக் கூரை. திறமை குறைந்தவர்கள் முன்னால் நின்று தொடங்க, கெட்டிக்காரர்கள் பின்னாலிருந்து கூட்டத்தைப் பிளந்துகொண்டு வர வேண்டும். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று கூரையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆனால் இந்தக் கேள்வி பெரும் பணத்தோடும் தண்டனைகளோடும் வெடித்த இடம் அமெரிக்கா. அங்கே ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்காரில் கிளப் இல்லை. அந்த இடத்தில் அணி முதலாளியும் கார் உற்பத்தி நிறுவனமும் இருக்கிறார்கள். விசுவாசம் இருக்கிறது, அதை அடையாளம் காட்டும் எழுத்து வண்டியில் இல்லை.

அமெரிக்க ஸ்டாக் காரில் கூட்டாளி ஏன் தேவைப்படுகிறார் என்பதற்குக் காற்றுதான் காரணம். 1960 டேடோனா 500 பந்தயத்தில் ஜூனியர் ஜான்சனின் செவ்ரோலே, போட்டியிலிருந்த போன்டியாக் கார்களைவிட மெதுவானது. வேகமான காரின் பின்புறத்தை ஒட்டியே ஓட்டினால் காற்றுத் தடை குறைந்து தன் காரும் அதே வேகத்தில் போவதை அவர் கண்டுகொண்டு, அந்தப் பந்தயத்தை வென்றார். ஒட்டி ஓடும் இரண்டு கார்கள் தனியாக ஓடும் ஒரு காரைவிட வேகமாகப் போகும். பின்னால் வருபவருக்கு மட்டுமல்லாமல் முன்னால் போகிறவருக்கும் அதில் லாபம் உண்டு. 1987-இல் டல்லடேகாவில் பாபி அலிசனின் கார் பறந்து பார்வையாளர் வேலியைக் கிழித்தது. அதற்கடுத்த ஆண்டு முதல், டேடோனா, டல்லடேகா ஆகிய இரு பெரிய களங்களிலும் இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குறுக்கும் தகடு கட்டாயமானது. எல்லாக் கார்களின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட பிறகு, தனியாக முந்துவது யாருக்கும் ஆகாத காரியமாகிவிட்டது. பின்னாலிருந்து தள்ளிவிட ஒருவர் வேண்டும்.

இதன் நல்ல வடிவத்தை 2018 அக்டோபரில் டல்லடேகாவில் பார்த்தோம். ஸ்டூவர்ட்-ஹாஸ் அணியின் நான்கு கார்களும் முதல் நான்கு இடங்களைப் பிடித்துக்கொண்டு ரயில் பெட்டிகள்போல வரிசையாக ஓடின. ஏறக்குறைய பந்தயம் முழுதும் மற்ற யாராலும் அந்த வரிசையை உடைக்க முடியவில்லை. கடைசிச் சுற்றில் முன்னால் இருந்த கர்ட் புஷ்ஷின் காரில் எரிபொருள் தீர, அரிக் அல்மிரோலா முந்தி வென்றார். பார்க்க அலுப்பாக இருந்தது என்று சொன்ன ரசிகர்கள் உண்டு. முறைகேடு என்று சொல்ல இடமில்லை. நான்கு பேருமே வெல்லத்தான் ஓட்டினார்கள்.

2016 டேடோனா 500 இன்னும் தெளிவான பாடம். டொயோட்டா கார்கள் கடைசிவரை ஒன்றாக ஓடின. இறுதிச் சுற்றில் டென்னி ஹாம்லின் வரிசையை விட்டு வெளியே வந்தார். முன்னால் இருந்தது அவருடைய அணித் தோழர் மாட் கென்செத். கென்செத் மறிக்கப் பார்த்தார். ஹாம்லின் உள்பக்கம் நுழைந்து, இன்னொரு டொயோட்டாவில் இருந்த மார்ட்டின் ட்ரூயெக்ஸை 0.010 நொடியில் வென்றார். டேடோனா 500 வரலாற்றில் இவ்வளவு நெருக்கமான முடிவு அதற்கு முன் இருந்ததில்லை. 199 சுற்று தோழமை, 200-ஆவது சுற்றில் அவரவர் பந்தயம். கூட்டணிக்கு ஓர் எல்லைக்கோடு போடச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

தோழமையின் விலை மிக அதிகமாக இருந்த நாள் 2001 பிப்ரவரி 18. டேடோனா 500-இன் கடைசிச் சுற்றில் முதலிடத்தில் மைக்கேல் வால்ட்ரிப், இரண்டாவதாக டேல் எர்ன்ஹார்ட்டின் மகன், மூன்றாவதாக ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட். முன்னால் போன இருவரும் எர்ன்ஹார்ட் சொந்தமாக நடத்திய அணியின் ஓட்டுநர்கள். அவர் ஓட்டியதோ ரிச்சர்ட் சில்ட்ரெஸ் அணிக்காக. பின்னால் வந்த கூட்டம் அந்த இருவரையும் நெருங்கிவிடாதபடி அவர் மறித்துக்கொண்டே வந்தார். கடைசி வளைவில் கார் சுவரில் மோதியது, அவர் பிழைக்கவில்லை. அதற்கு முன் 462 பந்தயங்களில் ஒரு முறைகூட வென்றிராத வால்ட்ரிப்புக்கு அதுவே முதல் வெற்றி. எர்ன்ஹார்ட் செய்ததை முறைகேடு என்று அன்றும் யாரும் சொல்லவில்லை, இன்றும் சொல்வதில்லை. அவர் தன் இடத்தை யாருக்கும் கொடுத்துவிடவில்லை. மூன்றாம் இடத்தைக் காப்பதும் முன்னால் போகும் தன் ஆட்களைக் காப்பதும் அவருக்கு அந்த நேரத்தில் ஒரே செயலாக இருந்தன.

அதே வால்ட்ரிப் பின்னாளில் அணி முதலாளியானார். 2013 செப்டம்பர் 7-ஆம் தேதி ரிச்மண்ட் களத்தில் அவருடைய அணி செய்த காரியத்தை இந்தக் கேள்வியின் மையம் என்றே சொல்ல வேண்டும்.

அது, சாம்பியன்ஷிப்பின் இறுதிப் பத்துப் பந்தயங்களுக்கு யார் தகுதி பெறுவார்கள் என்பதை முடிவுசெய்யும் பந்தயம். வால்ட்ரிப் அணியின் மார்ட்டின் ட்ரூயெக்ஸ் விளிம்பில் இருந்தார். ஏழு சுற்றுகளே மீதமிருக்க, ரையன் நியூமன் முன்னிலையில் இருந்தார். அவர் வென்றால் ட்ரூயெக்ஸ் வெளியே. அந்த நேரத்தில் வால்ட்ரிப் அணியின் இன்னோர் ஓட்டுநரான கிளின்ட் போயரின் கார் தன்னந்தனியாகச் சுழன்று நின்றது. மஞ்சள் கொடி விழுந்தது. எல்லோரும் டயர் மாற்றப் பிட்டுக்கு வந்தார்கள். அங்கே நியூமன் இடம் இழந்து கடைசியில் மூன்றாவதாக முடித்தார். சுழல்வதற்குச் சற்று முன், போயரின் காருக்கு உத்தி வகுக்கும் க்ரூ சீஃப், கை வலிக்கத் தொடங்கிவிட்டதா என்று ரேடியோவில் கேட்டிருந்தார். பந்தயம் மீண்டும் தொடங்கியபின் மூன்றாவது ஓட்டுநர் பிரையன் விக்கர்ஸிடம் பிட்டுக்கு வரும்படி அணி நிர்வாகி டை நாரிஸ் சொன்னார். காரில் கோளாறு ஒன்றும் தெரியாத விக்கர்ஸ் குழம்பிப்போய்த் திருப்பிக் கேட்டார். ஒரே ஒரு புள்ளி வேண்டும் என்று பதில் வந்தது. ட்ரூயெக்ஸும் நியூமனும் புள்ளியில் சமமானார்கள். சமநிலையை முடிவுசெய்யும் விதிப்படி தகுதி ட்ரூயெக்ஸுக்குப் போனது.

இவை எல்லாம் எப்படி வெளியே வந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நாஸ்காரில் அணிகளின் ரேடியோப் பேச்சை ரசிகர்களும் கேட்கலாம். மைதானத்தில் காதில் ஹெட்போனும் கையில் ஸ்கேனருமாக உட்கார்ந்திருப்பவர்களை எந்தப் பந்தயத்திலும் பார்க்கலாம். அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால் போயர் சுழன்றது சாதாரண விபத்தாகவே கணக்கில் ஏறியிருக்கும். இரண்டு நாளில் தீர்ப்பு வந்தது. அணிக்கு 3 லட்சம் டாலர் அபராதம், மூன்று ஓட்டுநர்களுக்கும் தலா 50 புள்ளி குறைப்பு, நாரிஸுக்குக் காலவரையற்ற தடை. ட்ரூயெக்ஸ் வெளியேற்றப்பட்டு நியூமன் உள்ளே வந்தார். அதோடு முடியவில்லை. அதே இரவு ஃப்ரண்ட் ரோ என்ற சிறிய அணியின் டேவிட் கில்லிலண்ட், பென்ஸ்கே அணியின் ஜோயி லோகானோவுக்கு இடம் விட்டுக்கொடுக்கப் பேரம் நடந்ததாக இன்னொரு ரேடியோப் பேச்சு காட்டியது. லோகானோ ஒரே புள்ளியில் தகுதி பெற்றிருந்தார். ஒரு புள்ளியில் தவறவிட்டவர் ஜெஃப் கார்டன். 12 பேர் இருக்க வேண்டிய பட்டியலில் கார்டனை 13-ஆவது ஆளாகச் சேர்த்தார்கள்.

பிறகு விதி வந்தது. ஒவ்வோர் ஓட்டுநரும் தன் முழுத் திறனோடு ஓட்ட வேண்டும். முடிவைச் செயற்கையாக மாற்றும் எந்த ஏற்பாடும் குற்றம். மேலிருந்து வழிசொல்லும் ஸ்பாட்டர் காருக்கு ஒருவர்தான். வெளியார் கேட்க முடியாத டிஜிட்டல் ரேடியோ அவர்களுக்குக் கூடாது. வால்ட்ரிப் அணிக்கு நாப்பா நிறுவனம் அந்த ஆண்டோடு ஸ்பான்சரை நிறுத்திக்கொண்டது. 2015-க்குப் பிறகு அணியே இல்லை. வேலை இழந்த ட்ரூயெக்ஸ், டென்வரில் இருந்து ஒற்றைக் காரோடு இயங்கிய ஃபர்னிச்சர் ரோ அணியில் சேர்ந்து, 2017-இல் சாம்பியனானார்.

விதி எழுதியதால் நோய் தீர்ந்ததா என்றால் இல்லை. 2022-இல் சார்லட் களத்தில் கோல் கஸ்டர் கடைசிச் சுற்றில் வேகத்தைக் குறைத்து, பின்னால் வந்தவர்களை மறித்து, அணித் தோழர் சேஸ் பிரிஸ்கோவை முன்னே போகவிட்டார். அபராதம், புள்ளி குறைப்பு, க்ரூ சீஃபுக்குத் தடை என்று தண்டனை வந்தது. அதுவும் போதவில்லை என்பது 2024 நவம்பரில் மார்ட்டின்ஸ்வில்லில் தெரிந்தது. அரை மைல் நீளமே உள்ள சிறிய, பழைய களம் அது. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் பந்தயத்தில் முதன்முதலாக ஓட்டியதும் அங்கேதான்.

அன்று, பட்டத்தை முடிவுசெய்யும் கடைசிப் பந்தயத்துக்குப் போகும் நால்வரில் மீதமிருந்த ஓர் இடத்துக்கு இருவர் போட்டி: செவ்ரோலேயில் வில்லியம் பைரன், டொயோட்டாவில் கிறிஸ்டோபர் பெல். ஒரு இடம் கைமாறினால் ஆள் மாறிவிடுவார். பைரனுக்குப் பின்னால் ராஸ் சாஸ்டெய்னும் ஆஸ்டின் டில்லனும் பக்கம் பக்கமாக ஓடினார்கள். இருவரும் அவரை முந்த முயலவில்லை, வேறு யாரையும் நெருங்க விடவுமில்லை. இருவரும் பைரனின் அணி அல்ல; மூன்று பேரும் மூன்று அணி. பொதுவாக இருந்தது செவ்ரோலே என்ற பெயர் ஒன்றுதான். மறுபக்கம் டொயோட்டாவில் ஓடிய பப்பா வாலஸ் கடைசியில் வேகம் குறைந்தார். டயரில் காற்று இறங்கியதாக அவர் தரப்பு சொன்னது. பெல் அவரை முந்திக்கொண்டார். போதாததற்குப் பெல் இறுதி வளைவில் சுவரோடு உரசியபடி ஓட்டிவந்தார். 2022-இல் அதே களத்தில் சாஸ்டெய்ன் செய்துகாட்டி, பிறகு தடைசெய்யப்பட்ட வித்தை அது. அதிகாரிகள் அரை மணி நேரம்போல யோசித்து, சுவர் உரசலைக் காரணம் காட்டிப் பெல்லை விலக்கிப் பைரனை உள்ளே எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, உதவிய மூன்று ஓட்டுநர்களுக்கும் அவர்களுடைய மூன்று அணிகளுக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம். அணிகளின் நிர்வாகிகள், க்ரூ சீஃப்கள், ஸ்பாட்டர்கள் என்று ஒன்பது பேருக்குத் தடை. பைரனின் இடம் அப்படியே இருந்தது.

இங்கேதான் கிளப் விசுவாசத்தின் புதிய உருவத்தைப் பார்க்கிறோம். நியூசிலாந்தின் பிளாக்கர் தன் ஊருக்காகத் தடுக்கிறார். அவரை யாரும் வேலையை விட்டு அனுப்பிவிட முடியாது. அமெரிக்காவில் சிறிய அணிக்கு இன்ஜின் பெரிய அணியிடமிருந்து வருகிறது; சிமுலேட்டரும் காற்றுச் சுரங்கச் சோதனையும் பொறியாளர்களும் உற்பத்தி நிறுவனத்திடமிருந்து வருகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஓட்டுநரிடம் யாரும் வாய்விட்டு உத்தரவு போட வேண்டியதில்லை. யார் எந்த நிறுவனத்தின் கார் என்று நினைவூட்டினாலே போதும். இதைப் பாசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிழைப்புக்கான பயம் இதில் பாதி.

இந்தச் சிக்கலுக்கு மூன்று விதமான பதில்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, கார் பந்தயமே அணி விளையாட்டுதான், விட்டுவிடுங்கள் என்பது. ஃபார்முலா 1 இதை இரு வழியிலும் செய்து பார்த்துவிட்டது. 2002 ஆஸ்திரியாவில் வெற்றிக்கோட்டருகே பாரிக்கெல்லோ தன் அணித் தோழர் ஷூமாக்கருக்கு வழிவிட்டபோது கூட்டம் கூச்சலிட்டது; அணி உத்தரவுகள் தடைசெய்யப்பட்டன. தடை இருந்த காலத்தில்தான் 2008 சிங்கப்பூரில் அணித் தோழர் அலோன்சோவுக்கு உதவ நெல்சன் பிக்கே ஜூனியர் வேண்டுமென்றே மோதினார். 2011-இல் தடையை எடுத்துவிட்டார்கள். ஆனால் அங்கே அணிகளுக்கென்று தனிச் சாம்பியன்ஷிப் உண்டு. ரசிகர் அதையும் எண்ணித்தான் பார்க்கிறார். நாஸ்காரில் ரசிகர் ஓர் ஓட்டுநருக்காகவே டிக்கெட் வாங்குகிறார்.

இரண்டாவது, தண்டனையைக் கூட்டுவது. இதில் நோக்கத்தை நிரூபிப்பதுதான் பெரும்பாடு. மெதுவாக ஓட்டியவர் டயர் என்பார், இன்ஜின் என்பார். ரேடியோவில் உளறாதவர் தப்பித்துவிடுவார். அடுத்தமுறை எல்லோரும் உளறாமல் இருக்கக் கற்றுக்கொள்வார்கள்.

மூன்றாவது, போட்டி முறையையே திருத்துவது. என் கட்சி இதுதான். 2004-இல் நாஸ்கார் இறுதிப் பத்துப் பந்தயங்களைத் தனியே பிரித்தது. 2014-இல் அதையும் சுற்றுச் சுற்றாக வெட்டி, ஒவ்வொரு மூன்றாவது பந்தயத்திலும் நால்வரை வெளியேற்றும் முறையைக் கொண்டுவந்தது; 2025 வரை அது நீடித்தது. நோக்கம், கடைசி நிமிடம் வரை பரபரப்பு. பரபரப்பு வந்தது. கூடவே, ஓர் ஆண்டின் உழைப்பு ஒரு புள்ளியில் தொங்கும் இரவுகளும் வந்தன. 36 பந்தயங்களின் மொத்தக் கணக்கில் ஒரு புள்ளி என்பது ஒன்றுமில்லை. அதற்காக யாரும் தோழனைச் சுழலச் சொல்ல மாட்டார்கள். வெட்டும் இரவில் அதே ஒரு புள்ளிக்குக் கோடிக்கணக்கில் விலை இருந்தது. ரிச்மண்டும் சார்லட்டும் மார்ட்டின்ஸ்வில்லும் அப்படிப்பட்ட வெட்டும் நாள்கள்தான் என்பதைத் தற்செயலாக எடுத்துக்கொள்ள முடியாது. ஓட்டுநர்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அட்டவணை போட்டவர்களின் பொறுப்பைப் பேச வேண்டும்.

இன்னொன்றும் செய்ய வேண்டியிருக்கிறது. 2013-இல் சூழ்ச்சியால் பயன்பெற்றவரின் இடம் பறிக்கப்பட்டது, 2024-இல் பறிக்கப்படவில்லை. முதல் தீர்ப்பு ட்ரூயெக்ஸுக்குக் கொடுமை என்று அன்று பலர் வருந்தினார்கள். உண்மைதான், அவர் எதையும் கேட்டு வாங்கவில்லை. ஆனால் நியூமனும் எதையும் செய்யவில்லை; அவருக்கு வந்திருக்க வேண்டிய இடம் பறிபோயிருந்தது. இரண்டு நிரபராதிகளில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும் என்றால், சூழ்ச்சி நடக்காவிட்டால் யார் உள்ளே இருந்திருப்பாரோ அவரே இருக்க வேண்டும். 1 லட்சம் டாலர் அபராதத்தைப் பெரிய நிறுவனம் செலவுக் கணக்கில் எழுதிவிட்டுப் போய்விடும். கிடைத்த இடமே திரும்பிப் போகும் என்றால்தான் அந்தக் கணக்குப் பொய்க்கும்.

தோழமையை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாமர்ஸ்டன் நார்த் செய்வதை அமெரிக்காவும் செய்யலாம்: அணிகளுக்கென்று தனிப் பந்தயம் வைத்து, யார் யாருக்காகத் தடுக்கிறார் என்பதை வண்டியிலேயே எழுதி, அதற்குப் புள்ளியும் கோப்பையும் கொடுக்கலாம். அதைப் பார்க்க ஆள் வருவார்கள். தனிநபர் பட்டத்துக்கான இரவில் மட்டும், முன்னால் போகிறவர் எந்த நிறுவனத்தின் காரில் இருந்தாலும், முந்த முடிந்தவர் முந்தியே ஆக வேண்டும். முந்த மறுத்தவரின் புள்ளிகள் மட்டுமல்ல, அதனால் உயர்ந்தவரின் இடமும் அன்றிரவே போக வேண்டும். விதிப்புத்தகத்தில் இந்த ஒரு வரியை நாஸ்கார் சேர்க்கட்டும்.